முன்னதைவிட மேல்

கண்ணாடிக்காரர் எழுதியது மொத்தம் ஐந்து சொற்கள். எழுத அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவற்றிலிருந்து மீண்டு வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

நடந்தது இதுதான். 'எல்லைப்படை' என்ற போர்த்தந்திர விளையாட்டின் நான்காம் பாகம் வெளிவந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கடைக்கு விடுமுறை விட்ட நாளில் கண்ணாடிக்காரர் அதைக் கணினியில் போட்டு, மனைவி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் மாலைவரை ஆடினார். ஆடி முடித்ததும் திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. "உங்கள் கருத்து எங்களுக்குப் பொன்னானது" என்றது. பெயர், முகவரி, கருத்து என்று மூன்று கட்டங்கள். இவ்வளவு மரியாதையாகக் கேட்பவர்களுக்கு ஒன்றும் சொல்லாமல் போவது நன்றாக இருக்காதே என்று, "ரெண்டாம் பாகம் அளவுக்கு இது வரல" என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவருடைய தொழிலே ஒப்பீடுதான். இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு வில்லையை மாற்றி இன்னொரு வில்லையைப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பார். "முதல்ல போட்டதுதான்" என்று சொன்னால் சண்டை போடாமல் முதலாவதையே கொடுப்பார். ஊர் உலகமெல்லாம் இப்படித்தான் நடக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்டத்தை அவர் தனியாகப் பிரித்திருக்கவே கூடாது. அது அவருக்கும் தங்கைக்கும் இருந்த ஒப்பந்தம். அவருக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு எட்டு இருக்கும்போது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் இரண்டும் பலூன் மாதிரி ஆகி, ஒரே அறையில் இரண்டு வாரம் அடைபட்டுக் கிடந்தார்கள். அப்போது சித்தப்பா கொண்டுவந்து வைத்த பழைய கணினியில் இருந்தது முதல் பாகம். இரண்டாம் பாகம் வந்தபோது அவள் பரீட்சையில் தவறி வீட்டில் முகம் கொடுக்காமல் இருந்தாள். மூன்றாம் பாகம் ஆறு வருடத்துக்கு முன், இவருடைய கடை எரிந்துபோன சமயம். வேறு நாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள், ஒன்றரை மாதம் விடுப்புப் போட்டு ஓடி வந்தாள். பகலில் இவரோடு உட்கார்ந்து கண்ணாடி தேய்த்தாள், சாயங்காலம் ஆட்டம். எந்தப் பாகம் வந்தாலும் சேர்ந்துதான் பிரிப்பது என்று இரண்டு பேருக்கும் வாய்ப்பேச்சு. இந்தத் தடவை அவள் ஆறு நாள் விடுப்பில் வருவதாக இருந்தது. வருவதற்குள் லேசாகப் பார்த்து வைத்துக்கொள்வோமே, அவள் முன்னால் தடுமாற வேண்டாமே என்ற சபலத்தில்தான் அண்ணன் பெட்டியைப் பிரித்தார்.

தங்கை வந்து இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. ஏதோ ஓர் ஆணையத்திடமிருந்து ஒரு கடிதம் சனிக்கிழமையே வந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. "தங்கள் கருத்துத் தொடர்பாகத் திங்கள் காலை பத்து மணிக்கு நேரில் வரவும். பத்து நிமிடம் ஆகும்."

"என்ன கடிதாசி அது?" என்றாள் தங்கை.

"கடை விஷயம் குட்டி. போயிட்டுப் பத்தரைக்குள்ள வந்துடுவேன். வந்ததும் பெட்டியைப் பிரிக்கலாம்" என்றார் அண்ணன், பிரித்த பெட்டியைப் பசை போட்டு ஒட்டி வைத்துவிட்ட தைரியத்தில்.

ஆணையத்தின் கட்டடம் பெரியது. வாசலில் இருந்த பலகையில் எழுத்து எழுதியவர் இடைவெளி விட மறந்திருந்தார். 'தொடர் பாக ஒப்பீட்டு ஆணையம்' என்று இருக்க வேண்டியது, 'தொடர்பாக ஒப்பீட்டு ஆணையம்' என்று இருந்தது.

"எது தொடர்பாக?" என்று வாயிற்காவலரிடம் கேட்டார் கண்ணாடிக்காரர்.

"எல்லாம் தொடர்பாகத்தான்" என்ற காவலர், அவருடைய அடையாள அட்டையை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, 'ஒப்பிடுபவர்' என்று எழுதிய வில்லையை அவர் சட்டையில் குத்தினார்.

மூன்றாவது மாடியில் பிரிவு அலுவலர் அம்மா அவருடைய ஐந்து சொற்களையும் ஒரு முழுத் தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தார். தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், பிறகு தள்ளிப் பிடித்துப் படித்தார். கிட்டப்பார்வைக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடியை வைத்துச் சமாளிக்கிறார், மாற்றி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது.

"'அளவுக்கு'ன்னு எழுதியிருக்கீங்க. எந்த அளவு சார்? நீளமா, அகலமா, எடையா?"

"அப்படி இல்லம்மா. பொதுவா, ஆட்டம் அந்த மாதிரி இல்லைன்னு…"

"'மாதிரி' எப்ப வந்துச்சு? எழுத்துல 'மாதிரி' இல்லையே. புதுசா சேர்க்கறீங்களா?"

அலுவலர் அம்மா ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். அறுபத்து நான்கு கேள்விகள். முதல் கேள்வி, படைவீரர்களின் காலணிப் பளபளப்பு. பதினேழாவது, ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும்போது ஏற்படும் மனநிறைவு. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: 'மேல்', 'மிக மேல்', 'ஒப்பிடவே முடியாத அளவுக்கு மேல்'.

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"'கீழ்'னு ஒரு கட்டம் இல்லையாம்மா?"

"மூணாம் பதிப்புப் படிவத்துல இருந்துச்சு. பத்து வருஷத்துல நாலே நாலு பேர்தான் அதுல குறி போட்டாங்க. நாலு பேரும் இன்னும் மேல்மாடியிலதான் இருக்காங்க. யாருக்கும் பிரயோசனம் இல்லாத கட்டம் எதுக்குன்னு எடுத்துட்டோம். படிவம் இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

கண்ணாடிக்காரர் வீரர் இல்லை. வீட்டில் தங்கை காத்திருக்கிறாள், மணி பதினொன்றாகிவிட்டது. "சரிங்க. நாலாம் பாகம் மேலாவே இருக்கட்டும். எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றார்.

அலுவலர் அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. "அப்படித் திடீர்னு மனசு மாறலாமா சார்? கருத்துங்கறது விளையாட்டா? முன்னாடி சொன்னதை மாத்தணும்னா, முன்னாடி வந்த மூணு பாகத்தையும் நீங்க உண்மையிலேயே ஆடினதுக்கு ஆதாரம் வேணும். ஆடாம எப்படி ஒப்பிடுவீங்க?"

"நாலாவது நல்லா இல்லைன்னு சொன்னதுக்கு ஆதாரம் கேக்கலையே?"

"அது தப்பான கருத்து. தப்புக்கு எதுக்கு ஆதாரம்?"

ஆதாரம் சரிபார்க்கும் பிரிவு செவ்வாய்க்கிழமைதான் திறக்கும் என்றார்கள். அப்படியானால் நாளை வருகிறேன் என்று எழுந்தவரை உட்காரச் சொன்னார்கள். மூன்றாம் பதிப்பு விதிகளின்படி ஒப்பிடுகிறவர்கள் மாலையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். வீட்டில் இருக்கிறவர்களோடு பேசிவிட்டு மறுநாள் வேறு கருத்தோடு வந்தார்களாம். அதனால் நான்காம் பதிப்பில் தங்கும் கூடம் கட்டியிருந்தார்கள். வரிசையாக இரும்புக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு போர்வை, சுவரில் 'உங்கள் வசதி முன்னதைவிட மேல்' என்ற வாசகம். கண்ணாடிக்காரர் லிஃப்டைத் தேடிப் போனார். லிஃப்டிலும் மேலே போகும் பொத்தான் மட்டும்தான் இருந்தது. படிக்கட்டு ஊழியர்களுக்கு.

கூடத்து ஃபோனில் மனைவியைக் கூப்பிட்டார். "நாளைக்கு வந்துடுவேன்னு குட்டிகிட்ட சொல்லு."

"பத்து நிமிஷ வேலைக்கு நாளைக்கா? உங்களுக்கு வாய் சும்மா இருக்காதே. என்ன உளறி வெச்சீங்க?"

"அஞ்சே வார்த்தைதான்."

"அதுல நாலு அதிகம்" என்று ஃபோனை வைத்தாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை ஆதாரப் பிரிவில், முதல் பாகத்தை ஒருவர் தனியாக ஆடவே முடியாது என்று கண்டுபிடித்தார்கள். அது இரண்டு பேர் ஆட்டம். கூட ஆடியது யார்? தங்கையின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுக்கு இருக்கிற நான்கு நாளையும் இந்தக் கட்டடம் விழுங்கிவிடும் என்று அதை அப்படியே விழுங்கினார். "ஞாபகம் இல்லீங்க" என்றார். ஞாபகம் இல்லாதவர்களுக்கு நினைவூட்டல் பிரிவு வியாழக்கிழமை திறக்கும் என்றார்கள்.

அன்று முழுக்க வேறு வேலை இல்லாமல், கூடத்தில் இருந்தவர்களின் கோணல் கண்ணாடிகளை விரலாலேயே நிமிர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு கணித ஆசிரியர் இருந்தார். நகரம் கட்டும் ஆட்டம் ஒன்றின் ஆறாம் பாகத்தைப் பற்றி, "பரவாயில்லை" என்று எழுதியவர். 'பரவாயில்லை' என்றால் மேலா, மிக மேலா என்று ஏழு வாரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை மதியம் கூடத்துக் கதவு திறந்தது. தங்கை நின்றாள். கையில் ஒரு துணிப்பை. சட்டையில் 'ஒப்பிடுபவர்' வில்லை.

கண்ணாடிக்காரர் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். "நீ எதுக்குடி இங்க வந்தே?"

"மாத்திரையை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டே. அண்ணி பயந்து போயிருக்காங்க. குடுத்துட்டுப் போகலாம்னு வந்தா, கீழ உக்காந்திருக்கவர் 'பார்வையாளர்'னு ஒரு வகையே இல்லைங்கறார். உள்ள வர்ற எல்லாருமே ஒப்பிடறவங்கதானாம். ரெண்டு நிமிஷம்தானேன்னு குத்திக்கிட்டேன்." பையைக் கட்டிலில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "அது இருக்கட்டும். நாலாம் பாகத்தைப் பத்தி என்னமோ எழுதினியாமே? நான் வர்றதுக்கு முன்னாடியே ஆடிட்டியா?"

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆணையம் அவரை மூன்று நாள் கேள்வி கேட்டதில் இல்லாத கூச்சம் இந்த ஒரு கேள்வியில் வந்தது.

"பெட்டியை வேற ஒட்டி வெச்சிருக்கே. நாலு பக்கமும் பசை வழியுது. கண்ணாடி ஒட்டற கையாண்ணா அது?"

"மன்னிச்சுடு குட்டி."

"முடியாது" என்று சொல்லிவிட்டு, அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். சனிக்கிழமை காலை அவளுக்கு விமானம். திங்கள்கிழமை அவள் கிரேனில் ஏறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடும். அதை அவள் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

தங்கை வந்ததில் ஒரு வசதி. ஆதாரம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை காலை இருவரையும் ஆட்டக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியிலிருந்து அதே காலத்துப் பழைய கணினி ஒன்றைக் கையுறை போட்ட ஒருவர் எடுத்துவந்து மேசையில் வைத்தார். எதிரே மூன்று பதிவாளர்கள், ஆளுக்கு ஒரு நோட்டு. ஒருவர் சிரிப்பை எண்ண, ஒருவர் பெருமூச்சை எண்ண, மூன்றாமவர் இதரவற்றை எண்ண.

"வலது பக்கம் எனக்கு" என்று தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் பாகத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. எட்டு வீரர்கள், எட்டும் தொப்பி போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு ஆறு. பாலம் இல்லை. ஒரு கயிறு. ஒருவர் கயிற்றை இழுக்க, மற்றவர் ஆளை அனுப்ப வேண்டும். ஏழு பேர் அக்கரைக்குப் போகலாம். எட்டாமவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இக்கரையிலேயே நிற்க வேண்டும். யாரை நிறுத்துவது என்பதில்தான் மொத்த ஆட்டமும் இருந்தது.

"நொண்டியை நிறுத்தாதே, பாவம்."

"அவன் நொண்டி இல்ல. அவன் கட்டத்துல ஒரு புள்ளி விட்டுப்போச்சு."

"எனக்கு அவன் நொண்டிதான். பன்னெண்டு வயசுலயும் இதையேதான் சொன்னே நீ. இழுண்ணா! ஐயோ, இழுன்னா விடறியே!"

இரண்டாவது வீரன் தண்ணீரில் போக, ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. தங்கை முழங்கையால் அண்ணன் விலாவில் ஒரு குத்து விட்டாள். அண்ணன் வலிப்பதுபோல் நடித்தார். தங்கை சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் மேசையில் கவிழ்ந்தாள். நாற்பத்தைந்து வயதுக்காரரும் நாற்பத்தொரு வயதுக்காரியும் ஒரு கயிற்றுக்காகச் சண்டை போடுவதைப் பதிவாளர்கள் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் நொண்டியை நிறுத்தும்படி ஆகிவிட்டது. அவன் ஒரு கட்டம்தான். ஆனாலும் ஏழு தொப்பிகளும் அக்கரை மரங்களுக்குள் மறைந்த பிறகு, தனியாக நின்ற அந்த ஒரு தொப்பியைப் பார்த்துத் தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"அது சளியா, அழுகையா?" என்று மூன்றாம் பதிவாளர் விசாரித்தார்.

மதியம் இரண்டாம், மூன்றாம் பாகங்கள். அவற்றில் பாலம் வந்தது, தானியம் தீர்ந்தது, வீரர்களுக்குக் களைப்பு வந்தது. கூடவே குத்தும் சிரிப்பும் வந்தன, கொஞ்சம் குறைச்சலாக.

சாயங்காலம் நான்காம் பாகம். திரை முழுக்கப் படை. இருநூற்று நாற்பது வகை வீரர்கள். குதிரையின் பிடரியில் காற்று அடிப்பதுகூடத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு ஆலோசகர் தோன்றி, "படையை வடக்கே அனுப்பலாமா?" என்றார். கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். தங்கை அமுக்கினாள். "இப்போது தாக்கலாமா?" சரி. "உபரிப்படையையும் அனுப்பலாமா?" சரி. நாலாயிரம் பேர் செத்தார்கள். மூலையில் ஓர் எண் மாறியது. ஆலோசகர் பூத்தூவி, "சிறப்பான முடிவு!" என்றார்.

"நான் எப்ப ஆடறது?" என்று கேட்டாள் தங்கை.

"ஆடிக்கிட்டுத்தானே இருக்கீங்க" என்றார் முதல் பதிவாளர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை காலை முடிவு வந்தது. முதல் பாகம்: சிரிப்பு இருபத்து மூன்று, 'ஐயோ' பதினாறு, குத்து ஒன்பது, கண்ணீர் அல்லது சளி ஒன்று. நான்காம் பாகம்: சிரிப்பு இல்லை, 'ஐயோ' இல்லை, 'சரி' நானூற்றுப் பன்னிரண்டு. பிரிவு அலுவலர் அம்மா இந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றார். ஆணையம் தோன்றிய நாள் முதல் இப்படி ஒரு கணக்கு வந்ததில்லை. இயக்குநரே விசாரிக்கப் போவதாகச் சொன்னார்கள்.

இயக்குநர் அறையில் கம்பளம் கணுக்கால் வரை புதைந்தது. அவர் கனமான கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி அணிந்திருந்தார். கண்ணாடிக்காரருக்குப் பழக்க தோஷம், பக்கவாட்டில் பார்த்தார். கண்ணாடி வழியே தெரிந்த கன்னத்தின் கோடு இம்மிகூட விலகவில்லை. பவரே இல்லாத வெறும் கண்ணாடி.

"உக்காருங்க" என்றார் இயக்குநர், நாற்காலி இல்லாத இடத்தைக் காட்டி. "முதல் ஆணையம் எப்படி இருந்துச்சு தெரியுமா உங்களுக்கு? தபால் ஆபீஸ் மூலையில ஒரு மேசை. ஒரே ஒரு குமாஸ்தா. ஆட்டம் நல்லா இருந்தா 'நல்லா இருக்கு'ன்னு எழுதுவார். நல்லா இல்லைன்னா 'நல்லா இல்லை'ன்னு எழுதுவார். வந்தவங்களைப் பத்து நிமிஷத்துல அனுப்பிடுவார். எவ்வளவு பின்தங்கின காலம்! இன்னிக்கு எழுநூறு பேர் வேலை செய்யறோம். ஒரு ஒப்பீட்டுக்குச் சராசரியா எண்பது நாள் எடுத்துக்கறோம். அவசரப்பட்டு வெளிய போனவங்கன்னு ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம்."

"யாரும் இல்லீங்க" என்றார் கண்ணாடிக்காரர் மனப்பூர்வமாக.

"நான் நாலாவது இயக்குநர். எனக்கு முன்னாடி மூணு பேர். முதல் பாகம்தான் மேல்னு இன்னிக்கு நான் ஒத்துக்கிட்டா, நாளைக்கு முதல் இயக்குநரும் மேல்னு ஆகும். அவர் சைக்கிள்ல வந்தவர். அப்ப எனக்கு எதுக்குக் கார், எதுக்கு இந்தக் கம்பளம்னு எவனாவது கேப்பான். இது ஒரு ஆட்டத்தோட பிரச்சினை இல்ல. நாகரிகத்தோட பிரச்சினை."

தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"சிரிப்புன்னா என்ன? கவனம் சிதறுது. 'ஐயோ'ன்னா? எதிர்பாராதது நடக்குது, அதாவது பிழை. குத்து, வன்முறை. கண்ணீர், உடல்நலக் கேடு. முதல் பாகத்துல மொத்தம் நாப்பத்தொம்பது கோளாறு. நாலாம் பாகத்துல சுத்தமா இல்ல. நாப்பத்தொம்பதுலேர்ந்து பூஜ்ஜியம்! அம்மா, எழுதிக்குங்க. ஒப்பிடவே முடியாத அளவுக்கு மேல்."

பிரிவு அலுவலர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் சார் தலைமை" என்றார்.

கண்ணாடிக்காரர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். தங்கையும் போட்டாள். மணி மூன்று. வீட்டுக்குப் போய், ஒரு வாய் சாப்பிட்டு, மறுநாள் காலை அவளை விமானத்துக்கு அனுப்ப நேரம் இருந்தது. அலுவலர் அம்மா ஒரு வெளியேறு சீட்டைக் கிழித்து மேசையில் வைத்தார்.

ஒன்றுதான் வைத்தார்.

"இன்னொண்ணு?" என்றாள் தங்கை.

"ஒரு கருத்துக்கு ஒரு சீட்டுதான். ரெண்டு பேரும் ஒரே கருத்தைச் சொல்லியிருக்கீங்க. யார் சொன்னது மேல்னு ஒப்பிட்டு, மேலா இருக்கறவங்களை அனுப்புவோம். இன்னொருத்தர் இருப்பாங்க."

"எவ்வளவு நாள்?"

"சராசரி எண்பது" என்றார் இயக்குநர்.

தங்கை அந்த மேசையை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது டன் பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைக்கிறவள். அந்த மேசையையும் அதற்குப் பின்னால் இருந்தவரையும் எங்கே தூக்கி வைக்கலாம் என்று அவள் கண் அளந்தது. அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் மூத்தவன். இவ எனக்கு அப்புறம் பொறந்தவ. உங்க கொள்கைப்படி, பின்னால வந்ததுதானே மேல்?"

இயக்குநர் தன் வெற்றுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் பொதுமக்களில் ஒருவர் கொள்கையைப் புரிந்துகொண்டு அவர் பார்த்ததில்லை. "படிவத்தைக் குடுங்க இவர்கிட்ட" என்றார் தழுதழுத்து.

"அண்ணா, வேணாம். எங்கிட்ட குடு, நான் நிரப்பறேன். நீ போ. அண்ணி தனியா இருக்காங்க."

"முந்தின பாகம்தான் நிரப்பணும்" என்று பொய் சொன்னார் கண்ணாடிக்காரர். அதைக் கேட்ட அலுவலர் அம்மா, அப்படி ஒரு விதி நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவசரமாகக் குறித்துக்கொண்டார்.

அதே அறுபத்து நான்கு கேள்விகள். காலணிப் பளபளப்பு. தங்கையின் துறைமுகச் செருப்பில் எண்ணெய்க் கறை அப்பியிருந்தது. 'ஒப்பிடவே முடியாத அளவுக்கு மேல்' என்று குறி போட்டார். குதிரைகளின் வேகம். மேல். இருபத்தாறாவது கேள்வியில், சுமை தாங்கும் திறன், பேனா நின்றது. எரிந்த கடையின் கரியைத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒன்றரை மாதம் கூட்டி அள்ளியவள், ஒருநாள்கூட 'எப்படி ஆச்சு' என்று கேட்காதவள். கட்டத்தில் குறி போட்டதும் தாள் கிழிந்துவிட்டது. அவ்வளவு அழுத்திப் போட்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் இருந்த கோடிக்கணக்கான தாள்களில் அன்று அந்த ஒரு தாளில்தான் உண்மை எழுதப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. நல்லவேளை, தெரிந்திருந்தால் ஆதாரம் கேட்டிருப்பார்கள்.

வாசல்வரை கூடப் போக அனுமதித்தார்கள். கோபம் வந்தால் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு வராது. காவலர் சீட்டை வாங்கிக்கொண்டு, சட்டை வில்லையைக் கழற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன் கேளுங்கம்மா. போகும்போது திரும்பிப் பார்த்துடாதீங்க. திரும்பிப் பார்த்தா ஒப்பீடுன்னு எழுதிக்குவாங்க. போன மாசம் ஒருத்தர் தெருமுனை வரைக்கும் போயி மாட்டிக்கிட்டார்."

அவள் நடந்தாள். கண்ணாடிக்காரர் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு, திரும்பாதே திரும்பாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றார். அவள் சாலையைக் கடந்து, பேருந்து நிறுத்தக் கூரையின் அடியில் இவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். பேருந்து வந்தது. படியில் ஏறும்போது, திரும்பாமல், வலது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தாள். கிரேன்காரர்கள் கீழே நிற்பவனுக்குக் காட்டும் சைகை அது. என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது.

அதன்பின் ஆறு நாள் அவரை 'முந்தைய பாகங்கள்' அறையில் வைத்திருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. கணித ஆசிரியரோடு பேசக்கூட முடியவில்லை.

ஏழாம் நாள், அதாவது அவர் வந்து பன்னிரண்டாம் நாள், கட்டடமே பரபரத்தது. 'எல்லைப்படை' ஐந்தாம் பாகம் வரப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. பிரிவு அலுவலர் அம்மா மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"சார், நாலாம் பாகம் இப்ப முந்தைய பாகம் ஆயிடுச்சு! அந்த ஆலோசகர் தொல்லை தாங்கலை இல்ல? எப்பப் பாரு 'சரி', 'சரி'ன்னு. என்ன ஆட்டம் அது, கர்மம். இயக்குநர் உங்க பழைய கருத்தைத் தேடச் சொல்றார். அஞ்சு வார்த்தையில எவ்வளவு அழகா சொல்லியிருந்தீங்க!"

இயக்குநர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆணையத்துக்கு முன்னாடியே நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க. அதுக்காக உங்களைப் பாராட்டறோம். ஆனா உண்மையை அதோட தேதிக்கு முன்னாடியே சொன்னது குற்றம். அதுக்காகக் கண்டிக்கறோம். ரெண்டும் ஒரே சான்றிதழ்ல வரும்."

கண்ணாடிக்காரர் சான்றிதழைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். தெரு அப்படியே இருந்தது. வெயிலில் கண் கூசியது. போன வாரத்தைவிட அதிகமா என்று யோசிக்கத் தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மனைவி திட்டவில்லை, அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. குளித்து, சாப்பிட்டு, பிற்பகல் தங்கையைக் கூப்பிட்டார். அவள் கிரேன் கூண்டில் இடைவேளையில் இருந்தாள். காற்றின் இரைச்சல் கேட்டது.

"வந்துட்டியா?" அவள் இரைச்சலுக்கு மேலே கத்தினாள். "திங்கக்கிழமை வேலைக்குச் சரியா வந்து சேர்ந்துட்டேண்ணா. அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஏறினேன். நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். ஆறு நாளும் வீணாப் போச்சு உனக்கு. ஒரு நாள்கூட உக்காந்து பேசலை."

"வியாழக்கிழமை?"

வியாழக்கிழமை மேசையில் கவிழ்ந்து சிரிக்கும் முன் அவள் விட்ட குத்து அவர் விலாவில் இன்னும் வலித்தது.

"சரி, உண்மையைச் சொல்லு" என்றாள் தங்கை. "போன தடவை நான் வந்ததைவிட, இந்தத் தடவை எப்படி இருந்துச்சு?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அறையில் மனைவியைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். கணினி அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு ஃபோனை வாயோடு ஒட்டி வைத்து, கூண்டுக்குள் இருந்தவளுக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்:

"நேர்ல வா குட்டி, சொல்றேன்."